பந்தும் ஒரு நோட்டுப் புத்தகமும்



சென்ற மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாங்கள் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கு அவர்தான் கோல்காவலர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்தக் காலத்தில் 'அண்ணே' என்று கூப்பிட்டு அவர் பின்னாலேயே ஓடிய பையன்களில் நானும் ஒருவன்.

இப்போது அவருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்காலில் தைலம் மணத்தது. பக்கத்தில் பேரன், பன்னிரண்டு வயதிருக்கும். நான் அந்தப் பையனிடம், "தம்பி, உன் தாத்தா கம்பத்துக்கு நடுவே நின்றால் ஈ கூட உள்ளே நுழையாது, தெரியுமா?" என்றேன்.

பையன் தாத்தாவை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "சும்மா சொல்றீங்க அங்கிள்! படம் ஏதும் இருக்கா?"

படம் இல்லை. கேடயம் இல்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையின் நரம்பைக் கிள்ளத் தொடங்கிவிட்டார். அந்த முகம் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

குற்றம் அந்தப் பிள்ளையுடையது அன்று. யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு ஒரு காற்பந்துக் குழுவின் கதையைச் சொல்லவேண்டும். அது கடல் கடந்த ஊரில் உள்ள குழு. ஆனால் கேட்கக் கேட்க, நம் தோட்டத்துத் திடல்தான் உங்கள் நினைவுக்கு வரும்.

கத்தி செய்யும் ஊர்

அந்தக் காலத்தில் துரை பங்களாவில் வேலை பார்த்த அம்மாக்கள், சாப்பாட்டு மேசையில் வைக்கும் கத்தியின் அடியில் ஓர் ஊர்ப் பெயர் பொறித்திருப்பதைக் கண்டிருக்கலாம். ஷெபீல்டு என்பது அந்தப் பெயர். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள தொழில் நகரம். எஃகுக்கும் கத்திக்கும் பேர் போனது. உலைகளின் புகையில் ஊரே கறுத்துக் கிடந்த காலம் ஒன்று உண்டு.

அந்த ஊரில் 1857-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் ஒரு காற்பந்துக் குழு பிறந்தது. ஆண்டைக் கவனியுங்கள். இந்தியாவில் சிப்பாய்க் கலகம் மூண்ட அதே ஆண்டு. நம் மலாயா மண்ணில் ரப்பர் மரமே வேர் பிடிக்காத காலம். ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கியது 1877-இல்தான். ஆக, நம் பாட்டன்மார் வெட்டிய முதல் மரத்தைவிட இருபது வயது மூத்தது அந்தக் குழு. உலகில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் காற்பந்துக் குழுக்களில் மிகப் பழையது என்று போற்றப்படும் ஷெபீல்டு காற்பந்துக் குழு அதுதான்.

தொடங்கியவர்கள் இருவர். நத்தானியல் கிரெஸ்விக் என்பவர் ஒரு வழக்கறிஞர். வில்லியம் பிரெஸ்ட் என்பவர் மது வணிகர். இருவரும் கோடையில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள். குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடித்துப் போகாமலிருக்க ஏதாவது ஓர் ஆட்டம் வேண்டுமே என்று யோசித்தார்கள். அவ்வளவுதான், குழு உருவாகிவிட்டது. அதற்கு முதல் அலுவலகம் எது தெரியுமா? ஒரு தோட்டத்தில் செடி வளர்ப்பதற்காகக் கட்டியிருந்த கண்ணாடிக் கொட்டகை. பக்கத்து வயல்தான் திடல்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. எதிர்த்து ஆட வேறு குழு கிடையாது! ஆகவே தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். பெயரின் முதலெழுத்தைப் பார்த்து ஒரு பாதி ஒரு பக்கம், மறு பாதி மறு பக்கம். இன்னொரு நாள் திருமணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் மறு பக்கம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தோட்டத்திலும் பொங்கலுக்கு அதே ஆட்டம் உண்டு. குடும்பஸ்தர்கள் தோற்றால் வீட்டில் சோறு கிடைக்காது என்று பெண்கள் வரப்பில் நின்று கேலி பேசுவார்கள். உங்கள் தோட்டத்திலும் நடந்திருக்கும்.

எழுதி வைத்தார்கள்

நேயர்களே, அந்த நாளில் காற்பந்துக்கு ஊருக்கு ஒரு சட்டம், பள்ளிக்கு ஒரு சட்டம். ஓரிடத்தில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். இன்னோரிடத்தில் எதிராளியின் காலைக் குறிபார்த்து உதைக்கலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் சண்டைதான்.

ஷெபீல்டுக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். 1858-இல் கூடி உட்கார்ந்து, எங்கள் குழுவில் ஆட்டம் இப்படித்தான் என்று விதிகளை வகுத்துக் கையால் எழுதி வைத்தார்கள். மறு ஆண்டு அதைச் சிறு புத்தகமாக அச்சிட்டார்கள். எதிராளியைக் கையால் தள்ளலாம், ஆனால் காலில் உதைக்கவோ இடறிவிடவோ கூடாது. பந்தைக் கையால் தட்டலாம், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படிப் போயின அந்த விதிகள். அவற்றில் ஒன்றை மட்டும் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரரும் சிவப்புத் தொப்பி ஒன்றும் கருநீலத் தொப்பி ஒன்றும் சொந்தமாகக் கொண்டு வரவேண்டுமாம். ஒரு பக்கத்தார் ஒரு நிறம், மறு பக்கத்தார் மறு நிறம். சட்டை வாங்கக் குழுவிடம் காசில்லாத தோட்டங்களில், ஒரு பக்கத்தார் சட்டையோடும் மறு பக்கத்தார் சட்டையில்லாமலும் ஆடினோமே, அது போலத்தான்.

1860-இல் பக்கத்துக் கிராமமான ஹாலமில் இரண்டாவது குழு தோன்றியது. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஹாலம் குழுவின் சாண்டிகேட் திடலில் இரு குழுக்களும் மோதின. ஷெபீல்டு 2–0 எனும் கோல் கணக்கில் வென்றது. இரு காற்பந்துக் குழுக்களுக்கிடையே உலகில் நடந்த முதல் ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சாண்டிகேட் திடலில் இன்றும் ஹாலம் குழு ஆடுகிறது. பண்டிகைக்கு மறுநாள் பக்கத்துத் தோட்டத்தை அழைத்துப் பந்தாட்டம் வைக்கும் பழக்கம் நமக்கும் புதிதல்ல பாருங்கள்.

பக்கத்து ஊர் என்றால் சண்டை இல்லாமலா? 1862-இன் கடைசியில் பிராமல் லேன் திடலில் இவ்விரு குழுக்களும் மீண்டும் சந்தித்தன. பஞ்சு வராமல் ஆலைகள் மூடப்பட்டு, பக்கத்து வட்டாரத்து நெசவாலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த நேரம். அவர்களுக்கு நிதி திரட்ட நடந்த ஆட்டம் அது. நல்ல காரியத்துக்காகத் தொடங்கிய ஆட்டம் கைகலப்பில் போய் நின்றது. குழுவைத் தொடங்கிய கிரெஸ்விக்கே அதில் சிக்கிக்கொண்டார். விதியை எழுதினவர்களுக்கே இரத்தம் சூடேறும்போது விதி மறந்துபோகிறது!

ஆனாலும் அந்த விதிப் புத்தகம் பரவிற்று. ஷெபீல்டு வட்டாரத்துக் குழுக்கள் அதைப் பின்பற்றி ஆடின. இன்று நாம் கார்னர் என்று சொல்லும் மூலை உதை ஷெபீல்டு ஆட்டத்திலிருந்து இலண்டன் சங்கத்தின் சட்டத்துக்குள் 1872-இல் போனதுதான். 1866-இல் இவர்கள் இலண்டனுக்குப் போய் ஆடியபோது, பந்தைத் தலையால் முட்டுவதைக் கண்டு இலண்டன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றும் சொல்வார்கள். இன்று தலையால் முட்டாமல் காற்பந்து உண்டா?

காசு வந்தது, குழு தேய்ந்தது

1885-இல் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் காசு கொடுக்கும் குழுக்களைத் தேடிப் போனார்கள். ஷெபீல்டு குழு கொடுக்க மறுத்தது. ஆசைக்காக ஆடுகிறோம், கூலிக்காக அல்ல என்றது. அதற்கான விலையையும் கொடுத்தது. பெரிய குழுக்களிடம் தோல்வி மேல் தோல்வி. அதே ஊரில் பின்னால் வந்த குழுக்கள் பெரிய அரங்குகளைக் கட்டி ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்க்க, மூத்த குழு ஒதுங்கி நின்றது.

ஆனால் கலையவில்லை. சம்பளம் வாங்காத குழுக்களுக்கென்று தனியே ஒரு கிண்ணம் வேண்டும் என்று யோசனை சொன்னது. அந்தப் போட்டி 1893-இல் தொடங்கியது. 1904-இல் ஈலிங் குழுவை 3–1 என வென்று அந்தக் கிண்ணத்தைத் தானே கைப்பற்றியது. அதற்குப் பிறகு பெரிய புகழ் ஒன்றும் இல்லை. 1977-இல் சிறு குழுக்களுக்கான ஒரு போட்டியின் இறுதியாட்டத்துக்காக வெம்பிளி அரங்குவரை போய், சமன் கண்டு, மறு ஆட்டத்தில் தோற்றுத் திரும்பியது.

இத்தனைக்கும் அதற்குச் சொந்தமாக ஒரு திடல் கிடையாது. இன்று இங்கே, நாளை அங்கே என்று இரவல் திடல்களில் ஆடியே காலத்தைக் கழித்தது. 2001-இல்தான், 144 ஆண்டுகள் கழித்து, டிரான்பீல்டு என்னும் பக்கத்துச் சிற்றூரில் ஒரு மதுக்கடையை ஒட்டிய திடலை வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது. வாடகை வீட்டிலேயே மூன்று தலைமுறை வாழ்ந்து, பிறகு ஒரு மலிவு விலை வீட்டுக்குச் சாவி வாங்கிய நம் குடும்பங்களுக்கு அந்த மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை.

2004-இல் உலகக் காற்பந்துச் சம்மேளனமான பீஃபா தன் நூற்றாண்டை ஒட்டி இரண்டு குழுக்களுக்கு மட்டும் சிறப்பு விருது அளித்தது. ஒன்று, கிண்ணங்களை அடுக்க இடம் போதாத ரியல் மாட்ரிட். மற்றொன்று, மதுக்கடைக்குப் பக்கத்தில் ஆடும் இந்த ஷெபீல்டு. 2007-இல் குழுவின் 150-ஆம் ஆண்டு விழா. இத்தாலியிலிருந்து இன்டர் மிலான் வந்து ஆடியது. காற்பந்து மன்னர் பெலேயே நேரில் வந்து வாழ்த்தினார். ஆட்டத்தில் 5–2 எனத் தோற்றார்கள். அதனால் என்ன?

2011-இல் அவர்கள் ஒரு கடினமான முடிவுக்கு வந்தார்கள். திடலையும் வசதிகளையும் சீர்படுத்தப் பணம் வேண்டும். விற்பதற்கு என்ன இருக்கிறது? கிண்ணங்களோ குறைவு. பெட்டியில் இருந்தது அந்தப் பழைய கையெழுத்துத் தாள்களும், அச்சிட்ட சிறு புத்தகமும், பழைய ஏடுகளும்தான். அவற்றை இலண்டனில் ஏலத்துக்கு விட்டார்கள். போன விலை 8,81,250 பவுன்! அன்றைய கணக்கில் நம் நாட்டுப் பணத்துக்கு நாற்பது இலட்சம் வெள்ளிக்கும் மேல்.

கிண்ணம் சோறு போடவில்லை, நேயர்களே. யாரோ ஒரு செயலாளர் 150 ஆண்டுகளுக்கு முன்பு பொறுமையாக உட்கார்ந்து எழுதிய எழுத்து சோறு போட்டது. அதை யாரும் அடுப்பெரிக்கப் போடாமல் காத்து வைத்தார்களே, அது சோறு போட்டது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்

காற்பந்து இந்நாட்டுக்கு வெள்ளைக்காரர்களோடு வந்தது. மலாயா என்னும் பெயர் கொண்ட போர்க்கப்பல் 1921-இல் இங்கு வந்தபோது அதன் மாலுமிகள் அளித்த கிண்ணம்தான் மலாயா கிண்ணப் போட்டியாயிற்று. துரைமார் திடல் ஒதுக்கிக் கொடுத்த தோட்டங்களில் நம்மவர்களும் பந்தைத் தொட்டார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வெறுங்காலோடு திடலுக்கு ஓடினவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! எம். சந்திரன், ஆர். ஆறுமுகம் போன்றவர்கள் நாட்டுக்கு ஆடினார்கள். நீண்ட கைகளால் கம்பம் காத்து 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த ஆறுமுகம், 1980-இல் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற குழுவில் இருந்தவர். 1988-இல் சாலை விபத்தில் மறைந்தாலும் அவர் பெயர் மறையவில்லை. செய்தித்தாள் எழுதியது. நின்றுவிட்டது.

ஆனால் தோட்டத்துத் திடலோடு நின்றுவிட்டவர்களை எழுத யார் இருந்தார்கள்?

எங்கள் தோட்டத்தில் நான் இருந்தேன். 1970-களில் மூன்று ஆண்டுகள் எங்கள் குழுவுக்கு நான்தான் செயலாளர். ஆறாம் வகுப்புவரை படித்தவன் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கடையில் பற்று எழுத வைத்திருப்பார்களே, 555 நோட்டு, அதில்தான் குழுவின் கணக்கு. சம்பளத்தன்று ஆளுக்கு ஐம்பது காசு சந்தா. யார் கொடுத்தார், யார் அடுத்த மாதம் என்றார். பந்து வாங்கியது எவ்வளவு, லாரிக்கு எண்ணெய் எவ்வளவு. எந்தத் தோட்டத்தோடு ஆட்டம், யார் யார் இறங்கினார்கள், யார் கோல் போட்டார். எல்லாம் அதில் இருந்தது. ஒரு நோட்டு முடிந்து இரண்டாம் நோட்டும் பாதி ஆகியிருந்தது.

பிறகு நான் வேலை தேடிப் பட்டணத்துக்கு வந்துவிட்டேன். நோட்டுகளை அம்மாவின் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். சில ஆண்டுகள் கழித்துத் தோட்டம் கை மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு அதுவும் போய் வீடமைப்பு வந்தது. இலயங்களைக் காலி செய்யச் சொன்னபோது நானும் போய்ச் சாமான் கட்ட உதவினேன். வேண்டாதவற்றை ஒரு குவியலாகப் போட்டுக் கொளுத்தினோம். அந்த இரண்டு நோட்டுகளையும் என் கையாலேயே அந்தக் குவியலில் போட்டேன். பழைய பற்றுக் கணக்கு, யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

அண்ணன் பிடித்த பந்துகள் எல்லாம் அதில்தான் இருந்தன. பேரனிடம் காட்ட அவருக்கு இருந்த ஒரே ஆதாரத்தைக் கொளுத்தியவன் நான். எங்களோடு ஆடி எங்களிடம் தோற்ற, எங்களை வென்ற பக்கத்துத் தோட்டங்களின் ஆதாரமும் அதோடு போயிற்று.

ஷெபீல்டுக்காரர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களும் கொட்டகையில் தொடங்கினார்கள். இரவல் திடலில் ஆடினார்கள். அடித்துக்கொண்டார்கள். தோற்றார்கள். ஒன்றே ஒன்றில்தான் நம்மை மிஞ்சினார்கள். எழுதினார்கள். எழுதியதைக் காத்தார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது

தோட்டம் போய்விட்டது. திடலில் வீடுகள் எழுந்துவிட்டன. அவற்றைத் திருப்பிக் கொண்டுவர என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் ஆடியவர்களில் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்தச் சிறு வேலையைச் செய்யுங்கள்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் ஒரு நோட்டைக் கொடுத்துத் தாத்தா பக்கத்தில் உட்கார வையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், திடல் எங்கே இருந்தது, கோயிலுக்குப் பக்கமா, ஸ்டோருக்குப் பின்னாலா என்று முதலில் எழுதட்டும். அடுத்து ஆட்டக்காரர்களின் பெயர்கள். பட்டப்பெயர்தான் நினைவிருக்கிறது என்றால் அதையே எழுதலாம். நம்மவர்களுக்குப் பட்டப்பெயர்தானே உண்மைப் பெயர்! எந்த எந்தத் தோட்டத்தோடு ஆடினார்கள், ஏறக்குறைய எந்த ஆண்டு, எதில் ஏறிப் போனார்கள், பந்து யார் வாங்கித் தந்தார்கள். சட்டை தைத்துக் கொடுத்த அக்காவையும், ஆட்டம் முடிந்ததும் வரக்கோப்பி போட்டுக் கொடுத்த அம்மாவையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் இல்லாமல் குழு ஏது? பழைய படம் கிடைத்தால் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பிறகு அந்த நோட்டை இரண்டு படி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே பெட்டியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே சாட்சி.

அன்று திருமண மண்டபத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அழைப்பிதழ் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு பையனிடம் கொடுத்தேன். "தாத்தா சொல்லச் சொல்ல எழுது தம்பி" என்றேன். அவன் முனகிக்கொண்டேதான் எழுதத் தொடங்கினான். அண்ணனும் நானும் மாறி மாறிச் சொன்னோம். பக்கத்தில் இருந்த இன்னொரு பெரியவரும் சேர்ந்துகொண்டார். ஒன்பது பெயர்கள் வந்தன. இடது பக்கம் ஆடியவர் பெயரும், நடுவில் ஆடிய ஓர் உயரமான மனிதர் பெயரும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் நோட்டில் அவை இருந்தன.

பையன் காகிதத்தைப் பார்த்தான். "தாத்தா, ஏன் உங்க பேரை முதல்லே எழுதச் சொன்னீங்க?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோல் கீப்பர் பேரைத்தான்யா முதல்லே எழுதணும்" என்றார்.

அந்த அழைப்பிதழைப் பையன் மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டு நோட்டில் ஒரு பக்கமாவது நிறைந்திருக்கட்டும்.